காவலுக்கு வைத்த இஸ்திரிப்பெட்டி

கோடிப் புடவையை எடுக்கப் பைக்குள் கையை விட்ட பாவாயி, புடவைக்குப் பதிலாக ஓர் அட்டைப்பெட்டியை வெளியே எடுத்தாள். பெட்டியின் மேல் நீல நிற இஸ்திரிப்பெட்டியின் படம். படத்தில் அதன் அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. செவ்வந்தியின் உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள்.

"இன்னாடி சுபா இது?"

"புடவ அதுக்கு அடியில இருக்குதுங்க அண்ணி," என்றாள் சுபலட்சுமி. "இது அவளுக்குத்தான் வாங்கி வச்சேன். ஞாயித்துக்கெழம எடுத்தாந்து குடுக்கலாம்னு. அவசரத்துல ரெண்டையும் ஒரே பையில போட்டுக்கினு வந்துட்டேன்."

பாவாயி பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். அப்புறம் புடவையை உதறிப் பிரித்தாள்.

பிறந்த வீட்டுக் கோடி. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ளச் செவ்வந்திக்கு மிச்சம் இருந்தது அக்கா சுபலட்சுமி ஒருத்திதான். அவள் கள்ளக்குறிச்சியில் மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி விற்கிற கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் கடையைத் திறந்து சாமான்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து தெரிந்தவர் ஒருவருடைய வண்டியில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் தலைக்கு மேல் ஏறியிருந்தது. தை மாதத்து மலை வெயில், பார்க்கத்தான் வெயில். உடம்பில் ஒட்டாது.

புடவையைப் போர்த்துவதற்காகக் குனிந்த சுபலட்சுமி அப்போதுதான் தங்கையின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

செத்தவள் முகமாக அது இல்லை. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. உதடு வெற்றிலை போட்ட மாதிரி இருந்தது. அடுப்படியில் வேலையை முடித்துவிட்டு வந்து கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், கூப்பிட்டால் "இரு அக்கா, வரேன்" என்று எழுந்துவிடுவாள் என்று தோன்றியது. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த சுபலட்சுமிக்கு இப்போது அழுகை வரவில்லை. பயம் வந்தது.

"உசுரு போன மூஞ்சில ரத்தம் நிக்குமாடி?" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"சும்மா இரு. காதுல வுழப் போவுது."

யார் காதில் விழப்போகிறது என்று சொல்லவில்லை. சொல்லாததே அந்த வீட்டுக்குள் பெரிதாக இருந்தது.

பாவாயி, செவ்வந்தியின் நாத்தனார். பக்கத்து வீடு. தம்பி ராஜதுரை கரும்பு வெட்டுக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போயிருக்கும் மாதங்களில் செவ்வந்திக்கும் அவள் மகள் தனுஷாவுக்கும் துணை இவள்தான். நடந்ததை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அவள் குரல் கம்மிப்போயிருந்தது. இருந்தாலும் சுபலட்சுமிக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

"நேத்து சாயந்தரம்கூட நல்லாத்தான் இருந்தா. தெச்சிக்கினே இருந்தா. எங்கூட்டுக்கு வந்து, அண்ணி, பொட்டிக்கு நெருப்பு குடுங்கன்னா. நாந்தான் அடுப்புலேர்ந்து அள்ளிக் குடுத்தேன். இன்னிக்கு குளிரு ஜாஸ்தியா இருக்குதே, இந்தா, கூட நிறைய கரியும் எடுத்துக்கினு போடி, சட்டியில கொட்டி வச்சிக்கினு புள்ளையோட கதகதன்னு படுன்னேன். சிரிச்சிக்கினே போனா, சுபா. காலைல பால் எடுத்தாந்து தட்டுறேன், தட்டுறேன், கதவு தொறக்கல. சித்தப்பா வந்து தாப்பாளப் பேத்தாரு. இவ படுத்தது படுத்தபடி கெடக்கா. புள்ள உருண்டு வந்து உள்ரூமு கதவண்ட கெடக்கு, கதவுக்கு அடியில மூக்க வச்சிக்கினு. பூரா வாந்தி."

"தனுஷா எங்க?"

"அப்பங்கிட்ட. வெளிய தூக்கியாந்த அப்பால தெளிஞ்சிட்டா. தல வலிக்குதுன்னு அழுதுக்கினு இருந்தா, இப்ப பரவால்ல. ராத்திரி எதையோ பாத்து பயந்திருக்கா புள்ள."

"ஆஸ்பத்திரில காட்டல?"

"அதான் தெளிஞ்சிட்டாளே. எடுத்து முடிச்சிட்டு காட்டலாம்."

வாசலில், பந்தலுக்குக் கீழே, ராஜதுரை மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முழங்கை வரை கரும்புச் சோகை கிழித்த கோடுகள். கையைக்கூடக் கழுவாமல் லாரியில் ஏறி வந்திருக்கிறான். சுபலட்சுமியைப் பார்த்ததும் "அக்கா" என்றான்.

ஆறு வயது தனுஷா கையில் ஒரு பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு, அதைக் கடிக்காமல் வைத்திருந்தாள். "பெரிம்மா, அம்மா எழுந்திருக்கல," என்றாள், பள்ளிக்கூடத்தில் புகார் சொல்வது போல.

பக்கத்தில் நின்றிருந்த பெரியண்ணன் தொண்டையைக் கனைத்தார். பெயர்தான் பெரியண்ணன், ராஜதுரைக்குச் சித்தப்பா. ஊரில் நல்லது கெட்டதை முன்னால் நின்று நடத்துகிறவர். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும். சின்ன வயசு. ஒரு காய்ச்ச இல்ல, ஒரு தலவலி இல்ல. நோவு நொடி இல்லாம போன உசுரு லேசுல போவாது. எடுக்கும்போது புள்ள வெளிய இருக்கக் கூடாது. ஆத்தாக்காரி திரும்பிப் பாத்து கூப்புடுவா. பாவாயிகிட்ட சொல்லிட்டேன்."

ஊரை விட்டுப் போய்ப் பத்து வருஷமாகப் பிரிட்ஜும் வாஷிங் மிஷினும் விற்கிற சுபலட்சுமி வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்தச் சிவந்த கன்னத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். என்ன வந்து தங்கையைக் கொண்டுபோனது என்று அவளுக்கும் தெரியவில்லை. அது இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறதா, அடுத்து இந்தக் குழந்தையையும் கேட்குமா? கையை நீட்டித் தனுஷாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். கால் சூடாக இருந்தது. அந்தச் சூடு கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

உடலைக் குளிப்பாட்டினார்கள். தலை வாரச் சீப்பும், கல்யாணப் புடவையும் உள் அறையில் இருந்தன. எடுத்துவரச் சொன்னபோது ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஒருத்திக்குத் திடீரென்று கால் மரத்துப்போனது, இன்னொருத்தி மூக்கைச் சிந்த வெளியே போனாள். சுபலட்சுமிதான் போனாள்.

சின்ன அறை. நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், ஒரே ஒரு ஜன்னல். தையல் மிஷின் மேல் பாதி தைத்த போர்வை, ஊசி குத்தியது குத்தியபடி நின்றிருந்தது. கீழே சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிய துணிகள். எல்லாம் சுபலட்சுமி கள்ளக்குறிச்சித் தையல் கடைகளில் கேட்டு வாங்கி, மூட்டையாகக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றிவிட்ட வெட்டுத்துணிகள். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு விரித்து, செவ்வந்தி போர்வை செய்வாள். புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் எத்தனை கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார். மலையில் பிறந்து, சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்தத் தொழில் எப்படி இவ்வளவு பிடித்தது என்று சுபலட்சுமிக்கு ஆச்சரியம்தான். போனில் வேறு பேச்சே கிடையாது.

"தையல் யாரு வேணா போடுவாங்கக்கா. இஸ்திரிலதான் இருக்குது. ஒவ்வொரு தையலையும் படிய வச்சிட்டுத்தான் அடுத்ததப் போடணும். இல்லன்னா மூலையும் மூலையும் சேராது. ஆவி வர்ற பொட்டி ஒண்ணு பாருக்கா. நம்பி வேல செய்யற மாரி."

தீபாவளிக்குச் சுபலட்சுமி ஒன்று அனுப்பினாள். கடையிலேயே விலை உயர்ந்தது. கடையில் வைத்துப் பார்த்தபோது ரயில் மாதிரி ஆவி விட்டது. மலைக்கு வந்ததும் அதன் வீறாப்பு அடங்கிவிட்டது. சாயந்தரமானால் மலையில் மின்சாரம் இளைத்துப்போகும், பல்பே பழுத்துப்போய் எரியும். பெட்டி பாதிதான் சூடேறியது. ஆவியாக வேண்டிய தண்ணீர் தண்ணீராகவே கொட்டியது. முடித்து வைத்திருந்த போர்வையின் நட்டநடுவில் துரு நிறத்தில் ஒரு கறை. "இது இஸ்திரிப் பொட்டி இல்லக்கா, மூக்கு ஒழுவுற புள்ள," என்று போனில் சிரித்தாள் செவ்வந்தி. சிரித்துவிட்டுப் பரணில் கிடந்த, தணல் போட்டுத் தேய்க்கிற பழைய கரிப்பெட்டியை இறக்கிக்கொண்டாள்.

அந்தக் கரிப்பெட்டி இதோ தரையில் இருந்தது. இரும்பு. மூடியின் கொண்டியில் சேவல் பொம்மை. அதன் பக்கத்தில் இருப்புச்சட்டியில் வெள்ளைச் சாம்பல். தீபாவளிப் பெட்டி பாலித்தீன் உறைக்குள் அலமாரியில் இருந்தது. கறை பட்ட போர்வை ஜன்னலில் இருந்தது. விற்க முடியாததை வீணாக்க மனசில்லாமல், குளிர் உள்ளே வராதபடி நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்கமாகக் கட்டியிருந்தாள். நல்ல வேலைக்காரி. ஒரு விரல் நுழைய இடம் வைக்கவில்லை.

புடவையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மூலையில் கவிழ்த்திருந்த கூடை கண்ணில் பட்டது. அடைக்கு வைத்த கோழியாக இருக்கும். ஆள் நடமாட்டம் கேட்டும் அது கொக்கரிக்கவில்லை. கூடையைத் தூக்கினாள். கோழி முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்திருந்தது. தொட்டாள். விறைத்துப்போயிருந்தது.

"அண்ணி!"

கூப்பிட்டது தன் குரல்தான் என்று அவளுக்கே தெரியவில்லை. பாவாயி ஓடி வந்தாள், அவள் பின்னால் நாலு பெண்கள். கோழியைப் பார்த்ததும் அந்த நாலு பேரும் வந்த வேகத்திலேயே திரும்பினார்கள்.

"கோழியயும் வுடலயே," என்றாள் பாவாயி. "அது இன்னா வந்துதோ, இந்த ரூமுல மூச்சு வுட்டுக்கினு இருந்த எதையும் வுடல. புள்ளைய எப்புடி வுட்டுச்சி? வுடுமா இனிமே?"

மூச்சு விட்டுக்கொண்டிருந்த எதையும். அந்த வார்த்தை சுபலட்சுமியின் நெற்றிக்குள் எங்கேயோ போய் இடித்தது. முன்பே தெரிந்த ஏதோ ஒன்று கிட்டத்தில் வந்து நின்றது. அதற்குள் வாசலில் மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று பெரியண்ணன் சத்தம் போட்டார். வந்தது போய்விட்டது.

செவ்வந்தியைத் தூக்கினார்கள். பெண்கள் தெருக்கோடி வரைக்கும் போனார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. கடுக்காய் மரத்தடியில் நின்றுகொண்டு, பாடை மேட்டில் ஏறி, வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்தார்கள். கோடிப் புடவையின் சிவப்பு நுனி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. சுபலட்சுமி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். தங்கச்சி, தங்கச்சி என்று அழுதாள். வேறு ஒன்றும் சொல்லி அழத் தெரியவில்லை.

மேளச் சத்தம் தேய்ந்த பிறகு எல்லாரும் குழாயடிக்குத் தலை முழுகப் போனார்கள். பனியில் ஊறிய தண்ணீர். ஒவ்வொரு குடத்துக்கும் பற்கள் அடித்துக்கொண்டன. பாவாயி பின்னால் தாமதமாக வந்து சேர்ந்தாள்.

"புள்ள எங்கங்க அண்ணி? யாருகிட்ட வுட்டீங்க?"

"உள்ரூமுல படுக்க வச்சி, கதவ சாத்திக் கொக்கி போட்டுட்டேன்."

"தனியாவா?"

"இன்னாத்துக்குத் தனியா? காவல் வச்சிட்டுத்தான் வந்தேன்." பாவாயி குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "இரும்பு கிட்ட இருந்தா எதுவும் அண்டாது. நெருப்பு இருந்தாலும் அண்டாது. ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்னு கரிப்பொட்டி நெறைய நெருப்பு போட்டு, மேல சாம்பிராணியத் தூவி, தலமாட்டுல வச்சிட்டேன். கதவுக்கு அடியில இருந்த சந்துலயும் துணிய சொருவிட்டேன். ஒரு ஈ எறும்பு நுழையாது. நீ பயப்புடாம குளி."

சுபலட்சுமியின் கையிலிருந்து சொம்பு நழுவியது.

மழைக்காலத்தில் ஒரு நாள் கடையில் கரண்ட் போயிருந்தது. சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கிவிட்டு, ஜெனரேட்டரைக் கடைக்குள்ளேயே ஓட்டினார்கள். புகை பெரிதாக ஒன்றும் இல்லை. தலை மட்டும் வலித்தது. பிறகு வயிற்றைப் புரட்டியது. கல்லாப் பக்கம் நடந்தவள் நடுவிலேயே விழுந்துவிட்டாள். கடை மெக்கானிக் தீனதயாளன் தூக்கி வந்து வெளியே மழையில் போட்ட பிறகுதான் கண் திறந்தாள். டாக்டர் திட்டினார். மூடின ரூமுல எது எரிஞ்சாலும் விஷக்காத்தும்மா, கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தூங்கற மாதிரியே கொன்னுடும் என்றார்.

தூங்குகிற மாதிரி. சிவந்த கன்னம். முட்டை மேல் உட்கார்ந்திருந்த கோழி. கதவுக்கு அடியில் மூக்கை வைத்துக்கொண்டிருந்த குழந்தை. அந்தச் சந்தில் இப்போது துணி.

அவள் ஓடினாள். ஈரப் புடவை காலைச் சுற்றிக்கொண்டது. முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஓடினாள். பின்னால் பாவாயி கத்துவது கேட்டது. தெரு ஏற்றமாக இருந்தது. இந்தத் தெருவில் சின்ன வயதில் எத்தனையோ முறை ஓடியிருக்கிறாள், இவ்வளவு நீளமாக அது ஒரு நாளும் இருந்ததில்லை. என் சாமி, என் சாமி என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தச் சாமி என்று நினைத்துப் பார்க்க நேரம் இல்லை.

கொக்கி இறுக்கமாக மாட்டியிருந்தது. விரல் நகம் பெயர்ந்தது. கதவைத் தள்ளினால் சொருகிய துணி தடுத்தது. தோளால் இடித்தாள்.

சாம்பிராணி வாசனை கோவிலுக்குள் நுழைந்தது போல இருந்தது. சேவல் கொண்டி போட்ட இரும்புப் பெட்டியின் ஓட்டைகள் வழியே தணல் சிவப்பாகத் தெரிந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, அம்மா தைத்த போர்வை மேல் தனுஷா படுத்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. உதடு சிவந்திருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. பந்தலைத் தாண்டி, காற்று வருகிற மேட்டுக்குப் போய் மடியில் போட்டுக் கன்னத்தில் தட்டினாள். "தனுஷா. கண்ணு. இங்க பாரு. பெரிம்மாடா."

அசைவில்லை.

"தனுஷா!"

பள்ளத்தாக்கிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. தூரத்தில் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்த மேளம் நின்றுவிட்டது. குழியில் இறக்குகிறார்கள் என்று அர்த்தம். ஆத்தாக்காரி கூப்புடுவா. பெரியண்ணன் சொன்னது காதுக்குள் கேட்டது. போயிடாதடி, போயிடாத என்று சுபலட்சுமி குழந்தையின் முதுகில் அறைந்தாள். யாரிடம் கெஞ்சுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. செவ்வந்தி, புள்ளைய வுட்டுட்டுப் போ என்றும் சொன்னாள்.

குழந்தை இருமியது. உடம்பு ஒருமுறை துள்ளியது. பிறகு சுபலட்சுமியின் தோள் மேல் வெதுவெதுப்பாக வாந்தி எடுத்தது. வாழ்நாளில் எதையும் அவள் இவ்வளவு சந்தோஷமாக ஏந்திக்கொண்டதில்லை.

"தல வலிக்குது பெரிம்மா."

"வலிக்கட்டும் கண்ணு. வலிக்கட்டும். அழு. நல்லா சத்தமா அழு."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பாவாயி வந்து சேர்ந்தாள். கோபத்தில் முகம் கோணியிருந்தது. "இன்னாடி பண்ற நீ? அவ இன்னும் மண்ணுக்குள்ள போவல, புள்ளைய வெளிய தூக்கியாந்து வச்சிருக்க! எடு, உள்ள எடு!"

"அண்ணி, புள்ளைய பாருங்க. காலைல இருந்த மாரியே இருக்குது. தலவலி, வாந்தி."

"அதான் சொல்றேன், அவதான் வந்து..."

"அவ இல்லைங்க அண்ணி. கரி." சுபலட்சுமி மெதுவாகத்தான் சொன்னாள். "மூடின ரூமுக்குள்ள கரி எரிஞ்சா விஷக்காத்து வருது. புகையே தெரியாது. நானே கடையில அதுல மயங்கி வுழுந்திருக்கேன். புள்ளையும் அதத்தான் மோந்திருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா, செவ்வந்தி மாரியே..."

நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியது தாமதமாகிவிட்டது.

பாவாயி வீட்டுப் பக்கம் திரும்பி, திறந்திருந்த கதவுகள் வழியே உள்ளே பார்த்தாள். கரிப்பெட்டியில் தணல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வாய் திறந்தது. "நேத்து சாயந்தரம்..." என்று ஆரம்பித்தாள்.

சுபலட்சுமி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பாவாயியின் கை, குழாயடித் தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பாவாயி உள்ளே போனாள். முந்தானையைச் சுற்றிக் கரிப்பெட்டியின் பிடியைப் பிடித்துத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தாள். குடத்துத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. குடம் காலியாகும் வரைக்கும் ஊற்றினாள். மறுபடியும் போய் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். தணல் எப்போதோ அணைந்துவிட்டது.

சுபலட்சுமி 108-க்குப் போன் செய்தாள். வண்டி புறப்பட்டு மலைப் பாதையில் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அதுவரைக்கும் குழந்தையைக் காற்றாடும்படி வைத்திருக்கச் சொன்னார்கள். அவள் உள்ளே போய் ஜன்னல் போர்வையைப் பிடித்து இழுத்தாள். செவ்வந்தி அடித்த ஆணி லேசில் வரவில்லை. சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தபோது ஒரு பக்கமாகக் கிழிந்து கையோடு வந்தது. ஜன்னலைத் திறந்தாள். எதிர் மலையின் மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. குளிர் ஒரேயடியாக உள்ளே வந்தது.

ஆண்கள் காலைக் கழுவிக்கொண்டு வந்தபோது, செவ்வந்தியின் தலை இருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தனுஷா கூடத்தில், ராஜதுரைக்காகப் போட்டிருந்த கட்டிலில், கறை பட்ட போர்வையைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு முழித்திருந்தாள். ராஜதுரை மகளிடம் போய்க் குனிந்தான். மண் ஒட்டிய கையால் தொடலாமா என்று தயங்கிவிட்டு, அப்புறம் தொட்டான்.

"வண்டி வருது தம்பி. ஒருக்கா காட்டிட்டு வந்துடலாம்," என்றாள் சுபலட்சுமி. மற்றதை இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள். சொல்லத்தான் வேண்டும். யார் கொடுத்த நெருப்பு என்பதை எப்படிச் சொல்லாமல் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியண்ணன் வாசற்படியில் நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா எல்லாத்தையும் தொறந்து போட்டு வச்சிருக்கீங்க? வெளக்கு வச்சாச்சி, இருட்டப் போவுது. கதவ சாத்துங்க."

அவர் சொல்லும்போதே காற்றில் கதவு தானாக ஆடி மூட வந்தது. பாவாயி தூணோரத்திலிருந்து சுபலட்சுமியைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் போகவில்லை. ஒரு பயத்தின் மேல் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்திருந்தது. "சுபா," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "இரும்பு ஒண்ணாவது வாசல்ல இருக்கட்டும்டி."

முற்றத்தில் கரிப்பெட்டி நனைந்து கிடந்தது. அதை மறுபடி உள்ளே கொண்டுவர இரண்டு பேருக்கும் கை வராது.

சுபலட்சுமி சுவரோரம் போய் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். போன வாரம் முழுக்கத் தேடித் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு பெட்டியாகத் தீனதயாளனிடம் கொடுத்து, மலையில் சாயந்தரம் வருகிற அளவுக்குக் கரண்டைக் குறைத்து வைத்துச் சூடேற்றிப் பார்த்தாள். மற்றவை எல்லாம் தண்ணீர் சிந்தின. இது ஒன்றுதான் முக்கி முனகி ஆவி விட்டது. "பாக்கறதுக்கு மட்டம்தான். ஆனா கை வுடாது, எடுத்துக்கினு போங்க," என்றான் அவன். நல்ல கனம்.

அதைக் கொண்டுபோய்த் திறந்த கதவின் அடியில், மூட முடியாதபடி முட்டுக் கொடுத்து வைத்தாள். கதவு வந்து அதில் இடித்து நின்றது.

"இதுவும் இரும்புதாங்க அண்ணி."

அடித்தகடு அலுமினியம், மற்றது பிளாஸ்டிக். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வாள். பாவாயி குனிந்து அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நிமிர்ந்து, உள் அறைக்குள் நடந்துபோனாள்.

"அந்த ஜன்னலயாவது சாத்து பாவாயி," என்றார் பெரியண்ணன். "குளுருது இல்ல?"

சுபலட்சுமி எட்டிப் பார்த்தாள். திறந்த ஜன்னலை அடைத்த மாதிரி ஆகிவிடக் கூடாதென்று ஒரு பக்கமாக ஒதுங்கி, கதவுப் பலகை இரண்டையும் காற்று மூடிவிடாதபடி கம்பிகளுக்கு ஊடே கை விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருட்டிக்கொண்டு வருகிற மலைக்கு நேராகப் பாவாயி நின்றிருந்தாள்.